'சொல்லி அனுப்புறோம்' என்றால் என்ன அர்த்தம்?

கேள்வியை முதலில் என் வார்த்தையில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் திருத்துங்கள். நீங்கள் தென் மாவட்டத்துக்காரர். சென்னை ஓ.எம்.ஆரில் வேலை. மூன்று மாதமாக வேளச்சேரி, மடிப்பாக்கம், கீழ்க்கட்டளை பக்கம் வீடு தேடுகிறீர்கள். போனில் வாடகை, அட்வான்ஸ் எல்லாம் பேசி முடிந்துவிடுகிறது. நேரில் போனால் உட்காரவைத்து, காபியும் கொடுத்து, "சொந்த ஊர் எது தம்பி? ஊருக்குள்ளேயா, பக்கத்துலயா? அப்பா என்ன பண்றார்? குலதெய்வம் எங்கே?" என்று கேட்கிறார்கள். கடைசியில் "வீட்ல கலந்துட்டு சொல்லி அனுப்புறோம்" என்கிறார்கள். ஏழு வீட்டில் இதே கதை. "இது பாகுபாடா, இல்லை நானே அதிகமா யோசிக்கிறேனா? சட்டத்துல ஏதாவது வழி இருக்கா?" என்று முடித்திருக்கிறீர்கள். இருபத்து நான்கு வருடமாகத் தம்புச் செட்டித் தெருவில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து வழக்குப் பார்க்கிற எனக்கு, இதில் முதல் பாதிதான் கனமாகப் படுகிறது. சட்டம் கேட்டு வருகிறவர்கள்கூட பைலைப் பிரிப்பதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறார்கள். "மேடம், நிஜமாவே நடந்துச்சா, இல்ல எனக்குத்தான் அப்படித் தோணுதா?"

அந்தக் கேள்விகள் ஏன் இப்படிச் சுற்றி வளைத்து வருகின்றன என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். வட மாநிலங்களில் பெரும்பாலும் பெயரைக் கேட்டாலே போதும், பின்னால் ஒட்டியிருக்கும் பட்டம் மீதியைச் சொல்லிவிடும். நம் பக்கம் 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டில், சாதிப் பட்டங்களைப் பெயரிலிருந்து விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். இரண்டு மூன்று தலைமுறையில் அது ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. (நான் உட்கார்ந்திருக்கும் தெருவின் பெயரில் பட்டம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பது வேறு விஷயம்.) உங்கள் ஆதார் அட்டையில் இருப்பது ஒரு இனிஷியலும் ஒரு பெயரும்தான். அதை வைத்து எந்த ஹவுஸ் ஓனராலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. முஸ்லிம், கிறிஸ்தவப் பெயர்களுக்கு அந்த மறைப்பும் கிடையாது, அவர்களுக்குக் கதவு போனிலேயே சாத்தப்பட்டுவிடும். உங்களைப் போன்றவர்களிடம், பெயர் சொல்லாததைக் கேள்வி போட்டுக் கறக்க வேண்டியிருக்கிறது. "எந்த ஊர்?" என்பது நம்மில் எவரும் எவரையும் கேட்பது, அதில் குற்றம் பார்க்காதீர்கள். "ஊருக்குள்ளேயா, பக்கத்துலயா?" என்பதுதான் ஊரா காலனியா என்று கேட்பது. அப்பாவின் வேலை அடுத்த சல்லடை. முதல் இரண்டிலும் தப்பியதைப் பிடிக்கக் குலதெய்வம். ஏழு வீட்டிலும் இதே கேள்விகள் வந்தன என்றால், நீங்கள் அதிகமாக யோசிக்கவில்லை.

ஆனாலும் எல்லா மறுப்பையும் ஒரே கூடையில் போட்டுவிடக் கூடாது. சென்னையில் வீடு கிடைக்காதவர்கள் என்று ஒரு பழைய பட்டியலே உண்டு: பேச்சிலர், போலீஸ், வக்கீல். கல்யாணமான புதிதில் நானும் என் கணவரும் நங்கநல்லூரில் ஒரு வீடு பார்த்தோம். அட்வான்ஸ் பணம் பையிலேயே இருந்தது. "என்னம்மா வேலை?" என்றார் பெரியவர். "ஹைகோர்ட்ல ப்ராக்டிஸ் பண்றேன் சார்" என்றேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "காலி பண்ணச் சொன்னா கேஸ் போடுவீங்களேம்மா" என்றார். வெளியே வந்து ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குள் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். அதற்கு மூன்று வருடம் முன்னால், தனியாளாகத் திருவல்லிக்கேணியில் அறை தேடியபோது ஒரு அம்மாள், "கல்யாணமாகாத பொண்ணு, ராத்திரி எத்தனை மணிக்கு வருவே, யார் கொண்டுவந்து விடுவா?" என்று கேட்டார். அன்று சிரிப்பு வரவில்லை. இரண்டு வாசலிலும் வீடு கிடைக்கவில்லை என்பது ஒன்றுதான். ஆனால் கறுப்புக் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். வக்கீல் என்பதற்காக எனக்குப் பெரிதாக எதுவும் நின்றுபோனதில்லை, பேங்கில் லோன் கேட்டால் மட்டும் கொஞ்சம் இழுப்பார்கள். அந்த அம்மாள் கேட்ட கேள்வியோ அறை தேடிய இடத்தோடு நிற்கவில்லை. பஸ்ஸில் வந்தது, முதல் சீனியரின் அறையில் வந்தது, வேறு வேறு வார்த்தைகளில் இன்றும் வருகிறது. என் கையில் இருக்கும் அளவுகோல் இவ்வளவுதான்: மறுப்புக்குக் காரணம் நீங்கள் செய்கிற ஒன்றா, பிறப்பால் உங்கள்மேல் ஏறிய ஒன்றா? ஒரு கதவுதான் மூடுகிறதா, போகிற இடமெல்லாம் அதே காரணத்துக்கு மூடுகிறதா?

இந்த அளவுகோலை ஒற்றை வீட்டின்மேல் வைத்தால் ஒன்றும் தெரியாது. அந்த வீட்டுக்காரரின் மைத்துனர் அதே வீட்டைக் கேட்டிருக்கலாம், வேறொருவர் ஆயிரம் ரூபாய் கூடச் சொல்லியிருக்கலாம். வரிசையாகப் பார்க்கும்போதுதான் உரு தெரியும். சில வருடங்களுக்கு முன் ஒரே கம்பெனியில், ஒரே சம்பளத்தில் இருந்த இரண்டு பையன்கள் என்னிடம் வந்தார்கள். ஒருவருக்கு "வீடு போயிடுச்சு" என்று சொன்ன இடத்துக்கு, இரண்டு மணி நேரம் கழித்து மற்றவர் போன் போட்டார். "வாங்களேன், சாவி எங்கிட்டதான் இருக்கு" என்றார் அதே ஓனர். நான்கு இடத்தில் செய்துபார்த்தார்கள், மூன்றில் இப்படியே. நான்காவதில் வீடு உண்மையாகவே போயிருந்தது. அந்த நான்காவதைச் சொல்லும்போது அந்தப் பையன் முகத்தில் வந்த நிம்மதியை மறக்க முடியாது. வீடு கிடைக்காததற்கு ஒருவன் சந்தோஷப்பட்டதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதுதான் நீங்கள் கேட்ட "அதிகமா யோசிக்கிறேனா" என்பதன் உள்ளே இருப்பது. நான் மனநல மருத்துவர் இல்லை, உடம்பில் என்னென்ன கெடும் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தவர்களிடம் பார்த்ததைச் சொல்கிறேன். முகத்துக்கு நேரே சாதிப் பெயர் சொல்லித் திட்டப்பட்டவர் கோபத்தோடு வருகிறார். அவருக்கு என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். காபி கொடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர் கணக்குப் போட்டுக்கொண்டே வருகிறார். சட்டை சரியில்லையோ, பேச்சில் நம்ம ஊர் வாடை அடித்ததோ, அந்தக் கேள்விக்கு வேறு மாதிரி பதில் சொல்லியிருக்கலாமோ என்று. அடுத்த வீட்டுக்குப் போவதற்கு முன் அந்தக் கணக்கு, போய்வந்த பின்னும் அந்தக் கணக்கு. மற்றவர்கள் தூங்குகிற நேரத்தில் இவர் செய்கிற இந்த வேலைக்குச் சம்பளமும் இல்லை, விடுமுறையும் இல்லை.

இதை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர் ஒரு வீட்டு வேலைக்கார அம்மா. திருவான்மியூரில் ஒரு பிளாட்டில் ஒன்பது வருடம் வேலை செய்தவர், சம்பள பாக்கிக்காக வந்தார். பேசிக்கொண்டே கட்டைப்பைக்குள் கையை விட்டு ஒரு எவர்சில்வர் டம்ளரை எடுத்து என் மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அடியில், நடுவாக, சிவப்பு நெயில் பாலிஷ் ஒரு சொட்டு. "எனக்குன்னு வெச்ச டம்ளர் மேடம். வாஷிங் மெஷின் மேல கவுத்து வெச்சிருப்பாங்க, அதுலதான் காபி. நெறைய டம்ளர் இருக்கே, மாறிடக் கூடாதுன்னு அடையாளத்துக்குப் போட்டிருக்காங்கன்னுதான் ஒன்பது வருஷமும் நெனச்சேன். போன மாசம் அவங்க நாய்க்கு ஒரு தட்டு வாங்கினாங்க. கழுவும்போது திருப்பிப் பாத்தேன். அதுக்கு அடியிலயும் இதே சொட்டு." அந்த வீட்டுக்காரம்மா கெட்டவர் இல்லை. இவருடைய மகளின் கல்லூரிக் கட்டணத்தை இரண்டு வருடம் கட்டியவர். அதையும் இவரேதான் சொன்னார். சம்பள பாக்கி ஒரு நோட்டீஸிலேயே வந்துவிட்டது. டம்ளருக்கு என்ன செய்யலாம் என்று கேட்டேன். "கேஸெல்லாம் வேணாம் மேடம், அந்த வீட்டுப் பொண்ணு என் இடுப்புலதான் வளந்துச்சு" என்றார். ஆனால் அந்த நாளுக்குப் பிறகு அவர் ஒன்பது வருடத்தையும் முதலிலிருந்து திரும்பப் படிக்கத் தொடங்கிவிட்டார். பொங்கலுக்குக் கொடுத்த புடவையை ஏன் கையில் கொடுக்காமல் திண்ணைமேல் வைத்தார்கள், லிப்ட்டில் ஏறினால் ஏன் அடுத்த நடைக்கு நின்றார்கள் என்று. அதில் எத்தனை உண்மை, எத்தனை சந்தேகம் என்று பிரித்துக்கொடுக்க எந்தக் கோர்ட்டாலும் முடியாது.

அவர் இருப்பது கண்ணகி நகர். நகரத்துக்குள் ஆற்றோரங்களிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்த குடிசைகளை அப்புறப்படுத்தி, 2000ஆம் ஆண்டு வாக்கிலிருந்து குடியமர்த்திய இடம். பிறகு செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நீண்டது. அங்கே வளர்ந்த பிள்ளைகள் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது முகவரியில் 'துரைப்பாக்கம்' என்று போடுவது சர்வ சாதாரணம். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடுகிறது என்பது அவர்கள் அனுபவம். குடிசை மாற்று வாரியத்தின் பெயரை 2021இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாற்றினார்கள். முகவரியின்மேல் ஏறிய கறை அதனால் போய்விடவில்லை. 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வாங்கிய இந்திய மகளிர் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஊர்ப் பெயரைச் சேர்த்தே நகரம் கொண்டாடியது. அங்கே இருக்கிறவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, விண்ணப்பத்தில் ஊர்ப் பெயரை மாற்றி எழுதியவர்களுக்குத்தான் தெரியும். சட்டத்தில் இங்கே ஒரு வேடிக்கையும் உண்டு. அரசு வேலை பற்றிய அரசியலமைப்பின் 16(2) பிரிவு 'வசிப்பிடம்' என்பதையும் பாகுபாடு காட்டக் கூடாத காரணங்களில் சேர்த்திருக்கிறது. பொதுவாகப் பேசும் 15ஆவது பிரிவில் மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் மட்டும்தான். வசிப்பிடம் இல்லை. தனியார் கம்பெனிக்கு இரண்டுமே நேரடியாகப் பொருந்தாது.

"இதெல்லாம் மனப்பிரமை, இப்போ யார் சாதி பாக்கறா" என்று உங்களிடம் சொல்கிறவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு வைக்க ஆய்வுகள் இருக்கின்றன, ஆனால் அவற்றை அளந்துதான் பயன்படுத்த வேண்டும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியோடு வேறு வேறு பெயர்களில் தனியார் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 1 என்று வைத்தால் தலித் பெயருக்கு 0.67, முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே காலத்தை ஒட்டி டெல்லியில் வேறொரு குழு செய்து 2009இல் வெளியான ஆய்வில், மென்பொருள் வேலைகளில் சாதிப் பெயரால் வித்தியாசம் தென்படவில்லை. கால் சென்டர் வேலைகளில் தென்பட்டது. ஆக, எல்லாத் துறையும் ஒரே மாதிரி இல்லை. இன்னொன்று, இவை பட்டப்பெயரை வைத்துச் செய்தவை. பட்டமில்லாத நம் பெயர்களை வைத்துக்கொண்டு அந்த எண்களை அப்படியே சென்னைக்குப் பொருத்தக் கூடாது. நான் அதிகம் நம்புவது கார்லா ஹாப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேச கிராமப் பள்ளிப் பையன்களை வைத்துச் செய்து 2006இல் வெளியிட்டதை. காகிதத்தில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதபோது தாழ்த்தப்பட்ட பிள்ளைகளும் மற்ற பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே அளவு போட்டார்கள். எல்லோர் முன்னாலும் பெயரோடு சாதியையும் வாசித்த பிறகு தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் போட்ட புதிர்களின் எண்ணிக்கை இறங்கிவிட்டது. யாரும் திட்டவில்லை, யாரும் மிரட்டவில்லை. வாசித்தார்கள், அவ்வளவுதான். வீட்டு வாசலில் "அப்பா என்ன பண்றார்" என்ற கேள்விக்குப் பிறகு உங்கள் நாக்கு தடுமாறியது என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்தபோது எனக்கு இந்தப் பிள்ளைகள் ஞாபகம்தான் வந்தது.

கேள்வியே கேட்காமல் தள்ளிவைக்கிற வகையும் உண்டு. மெரினாவில் சக்கர நாற்காலிக்காரர்களைக் கடலுக்குப் போகக் கூடாது என்று எந்தப் போர்டும் சொன்னதில்லை. மணல்தான் சொன்னது. 2022 நவம்பரில் மரத்தால் 263 மீட்டருக்கு நிரந்தரப் பாதை போட்ட பிறகுதான், இத்தனை வருடம் இந்த ஊரிலேயே இருந்து அலையில் கால் நனைக்காதவர்கள் எத்தனை பேர் என்று தெரிந்தது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பெயர்த்துவிட்டது, பிறகு சரிசெய்தார்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி தெரியும் ஒரு ஏற்பாடு சிலரை மட்டும் வெளியே நிறுத்துவதை மறைமுகப் பாகுபாடு என்பார்கள். ராணுவப் பெண் அதிகாரிகள் தொடுத்த நிதிஷா வழக்கில் 2021இல் உச்ச நீதிமன்றம் அதை வெளிப்படையாக ஏற்றுக்கொண்டது. பாகுபாடு காட்டும் எண்ணம் இருந்ததா என்று தேடாமல், விளைவு யார்மேல் விழுகிறது என்று பார்த்தது. என்னைப் போன்றவர்களுக்கு அது பெரிய திறப்பு.

"சைவம் மட்டும்" என்ற டு-லெட் போர்டை நான் இந்தக் கண்ணாடியில்தான் பார்க்கிறேன். 2014ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அந்தப் போர்டு சாதிப் பெயர் ஒன்றையும் சொல்லாமல் அத்தனை பேரையும் கழித்துவிடுகிறது. அதே சமயம், கீழே குடியிருக்கும் வயதான தம்பதிக்கு மீன் வாடை உண்மையாகவே குமட்டும் என்றால் அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. என் சொந்தத் தீர்ப்பு: ஓனர் அதே கட்டடத்தில், அதே சுவரைப் பகிர்ந்து இருந்தால் விட்டுவிடுவேன். ஓனர் கலிபோர்னியாவில் இருக்கிறார், இங்கே எட்டு போர்ஷனும் வாடகைக்கு என்றால், வாடை யார் மூக்குக்குப் போகிறது என்று கேட்பேன். மேற்கு மாம்பலத்தில் பொய் சொல்லிக் குடியேறிய ஒரு தம்பதியை எனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ஜன்னலையெல்லாம் அடைத்து, ஊதுபத்தி கொளுத்தி, வஞ்சிரம் நாலு துண்டு வறுப்பார்கள். முள்ளை இரண்டு கவரில் முடிந்து, திங்கட்கிழமை ஆபீஸ் பையில் வைத்து, மூன்று தெரு தள்ளி இருக்கிற குப்பைத்தொட்டியில் போடுவார்கள். கருவாடு மட்டும் அக்கா வீட்டில்தான். ஆறு வருடமாக இப்படி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள், எனக்குத்தான் சிரிக்க முடியவில்லை.

இனி சட்டம். நீங்கள் எந்தச் சமூகம் என்று எழுதவில்லை, இங்கே எழுதவும் வேண்டாம். ஆனால் விடை அதைப் பொறுத்துதான் மாறும், அதனால் பிரித்துச் சொல்கிறேன். உறுதியாகத் தெரிந்தது முதலில். அரசியலமைப்பின் 15(1) அரசைக் கட்டுப்படுத்துகிறது, ஹவுஸ் ஓனரை அல்ல. 15(2) தனியாரையும் தொடும், ஆனால் கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம், சாலை என்று இடங்களைச் சொல்கிறது. வாடகை வீடு அதில் இல்லை. 17ஆவது பிரிவு, தீண்டாமை ஒழிப்பு, எல்லோரையும் கட்டுப்படுத்தும். அதன் கீழ் வந்ததுதான் 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். அதன் 4ஆவது பிரிவை வக்கீல்களே பலர் முழுதாகப் படித்திருக்க மாட்டார்கள். எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டவோ, வாங்கவோ, அதில் குடியிருக்கவோ தீண்டாமையின் பேரில் தடை போட்டால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறையும் 100 முதல் 500 ரூபாய் வரை அபராதமும். பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால், அது தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது 12ஆவது பிரிவு. இல்லை என்று நிரூபிப்பது எதிராளியின் வேலை. மதம் மாறிய தலித் கிறிஸ்தவருக்கு 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதித் தகுதி இல்லாததால், அந்த அனுமானம் கிடைக்காது. ஒரே தெருவில், ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பப்பட்ட இரண்டு பேருக்குச் சட்டம் இரண்டு விதம்.

இனி உறுதியில்லாதது. ஒரு தனி ஓனர் ஒரு தனி ஆளுக்கு வீடு தராததை அந்த 4ஆவது பிரிவின் 'தடை' என்று சொல்லலாமா என்று எதிர்த்தரப்பு கட்டாயம் வாதிடும். "சொல்லி அனுப்புறோம்" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் வைத்து நான் வழக்குப் போடமாட்டேன். படிக்கட்டில், வாசலில், நாலு பேர் காதில் விழும்படி சாதியைச் சொல்லி இழிவாகப் பேசியிருந்தால் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்குமான 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வரும். வெளியார் யாரும் இல்லாமல் நாலு சுவருக்குள் சொன்னால் அது பொதுப் பார்வையில் நடந்ததாக ஆகாது என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காபி கொடுத்துக் கேட்பவர்கள் எப்போதும் நாலு சுவருக்குள்தான் கேட்பார்கள். நீங்கள் முஸ்லிமாகவோ, கிறிஸ்தவராகவோ, தனியாக வாழும் பெண்ணாகவோ, வெளி மாநிலத்தவராகவோ இருந்தால், தனியார் ஓனர் வீடு மறுப்பதைத் தண்டிக்கும் சட்டம் என்று எடுத்து வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மேலும், பார்சி வீட்டுவசதிச் சங்கம் தன் உறுப்பினர்களைப் பார்சிகளோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று 2005இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நம் மாநிலத்தின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிற அந்தச் சட்டம், எந்தக் காரணத்துக்காக வீட்டை மறுக்கக் கூடாது என்பதைப் பேசவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கான 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலும், திருநர்களுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டத்திலும், வீட்டை வாடகைக்கு எடுப்பதில் பாகுபாடு கூடாது என்று எழுத்திலேயே இருக்கிறது. எப்படி எழுத வேண்டும் என்று நம் நாடாளுமன்றத்துக்குத் தெரியாமல் இல்லை. திருநர் சட்டம் வாடகை மறுப்புக்கென்று தனித் தண்டனை வைக்காததால் அது பெரும்பாலும் காகிதத்தில் நிற்கிறது, ஆனாலும் வாதாட ஒரு வரி இருக்கிறது. எல்லோருக்கும் பொதுவாக ஒரு சட்டமோ ஆணையமோ வேண்டும் என்று முஸ்லிம்களின் நிலையை ஆராய மத்திய அரசு அமைத்த சச்சார் குழு 2006இல் எழுதியது. 2016ஆம் ஆண்டின் பாகுபாடு எதிர்ப்பு மசோதாவை சசி தரூர் தனிநபர் மசோதாவாக மக்களவையில் கொண்டுவந்தார், அது சட்டமாகவில்லை.

ஒரு விஷயம் சொன்னால் கோபிக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன் தம்பி. உங்கள் கேள்வியில் நடுவே ஒரு வரி இருந்தது: "வடக்கன் பசங்களுக்குக்கூட வீடு குடுக்கறாங்க, எனக்கு இல்ல." அந்த 'கூட' எனக்கு உறுத்தியது. அந்தப் பையன்களுக்கு வீடு கொடுப்பது எப்படி என்று நான் பார்த்திருக்கிறேன். ஒரு அறைக்கு எட்டுப் பேர், தலைக்கு இவ்வளவு என்று வசூல், ஒப்பந்தம் கிடையாது, தண்ணீர் காலையில் ஒரு மணி நேரம். உங்களை மட்டும் குறை சொல்லி நான் தப்பிக்கவும் முடியாது. போரூரில் அம்மா வீட்டு மாடி காலியானபோது ஒரு பெண் போன் செய்தாள். பேச்சு நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. "எந்த ஊரும்மா?" என்று கேட்டேன். சொன்னாள். "ஊருக்குள்ளேயா?" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. சாதி தெரிந்துகொள்ளக் கேட்கவில்லை என்று இன்றுவரை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. "நான் அப்புறம் பேசறேன் மேடம்" என்று வைத்துவிட்டாள். திரும்பப் பேசவில்லை. நான் கூப்பிட்டபோது எடுக்கவும் இல்லை.

நீங்கள் செய்யக்கூடியது என்று பார்த்தால், இனி வீடு பார்த்துவிட்டு வந்த அன்றே ஓனருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டு வரி போடுங்கள். "இன்று வீடு பார்த்தேன், பிடித்திருக்கிறது, நீங்கள் சொன்ன வாடகைக்கும் அட்வான்ஸுக்கும் சம்மதம், எப்போது ஒப்பந்தம் போடலாம்?" என்று. வாயால் மறுக்கிறவர்கள் எழுத்தில் வேறு காரணம் சொல்வார்கள், சில சமயம் உண்மையையே சொல்லிவிடுவார்கள். தேதி, நேரம், யார் முன்னால், என்ன கேள்வி, எந்த வரிசையில் என்று ஒரு நோட்டில் அன்றன்றைக்கு எழுதுங்கள். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள், அந்த போனே கையில் இருக்கட்டும். மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் வைக்க 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கருவி இருந்தால் பாதி வேலை மிச்சம். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமானம் எவ்வளவு என்றாலும் இலவச வக்கீல் உண்டு. உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் கேட்கலாம், 15100க்கு போன் செய்தாலும் சொல்வார்கள். வன்கொடுமை என்று நினைத்தால் 14566. வழக்கு வேண்டாம், வீடு கிடைத்தால் போதும் என்பதுதான் உங்கள் எண்ணம் என்றால் அதிலும் தப்பில்லை. என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் அப்படித்தான், நானும் அவர்களை வற்புறுத்துவதில்லை.

அந்த மடிப்பாக்கம் வீட்டின் டு-லெட் போர்டு இன்னும் தொங்குகிறது என்று எழுதியிருந்தீர்கள். நாளைக்கு ஆபீஸில் வேறு ஊர்க்காரர் ஒருவரை அந்த எண்ணுக்குப் பேசச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். ஓனர் என்ன சொன்னாலும், வீடு உண்மையாகவே போய்விட்டது என்றாலும், அதையும் நோட்டில் எழுதி வையுங்கள்.